பெத்பேஜ் பொது கோல்ஃப் மைதானம்: குழுவாகச் செல்லும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோல்ஃப் என்றாலே உறுப்பினர் அட்டையும் உயர்ந்த மதிலும் வாயிற்காவலரும் நினைவுக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்லும் பெயர் பெத்பேஜ். நியூயார்க் நகரின் மன்ஹாட்டனுக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், லாங் ஐலண்டின் ஃபார்மிங்டேல் ஊரை ஒட்டி, மாநில அரசுக்குச் சொந்தமான ஒரு பூங்காவுக்குள் ஐந்து கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. பிளாக், ரெட், புளூ, கிரீன், யெல்லோ என்று நிறங்களே அவற்றின் பெயர்கள். அவற்றுள் பிளாக் மைதானத்தில் 2002ஆம் ஆண்டு, உலகின் மிகப் பெரிய கோல்ஃப் போட்டிகளுள் ஒன்றான யு.எஸ். ஓப்பன் நடைபெற்றது. அரசுக்குச் சொந்தமாக, கட்டணம் செலுத்தும் எவரும் ஆடக்கூடியதாக இருக்கும் ஒரு மைதானத்தில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை.

உலகப் புகழ் பெற்ற இடம் என்பதால், குழுவாகக் கிளம்புகிறவர்கள் அனைவரும் பிளாக்கில்தான் ஆட வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த முடிவினால்தான். ஒரே வாகன நிறுத்தத்திலிருந்து ஐந்து மைதானங்களுக்கு நடந்து செல்லலாம் என்பதே பெத்பேஜின் பெருஞ்சிறப்பு. குழுவைத் திறனுக்கேற்பப் பிரித்துக்கொண்டால் நேற்று மட்டை பிடித்தவரும் இருபது ஆண்டுகளாக ஆடுபவரும் அவரவருக்கு உரிய இடத்தில் ஆடிவிட்டு, மாலையில் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசலாம். கீழே சொல்லப்படுபவை யாவும் இந்தப் பிரிப்பை அடிப்படையாகக் கொண்டவை.

செல்வதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு

வரலாற்றை அறிந்துகொண்டு போனால் அந்த நிலம் வேறுவிதமாகத் தெரியும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இன்று பூங்காவாக இருக்கும் இடத்தின் பெரும்பகுதி ரயில்வே அதிபர் பெஞ்சமின் யோக்கமின் பண்ணை நிலமாக இருந்தது. அங்கே 1923இல் டெவரோ எமெட் என்ற வடிவமைப்பாளர் லெனாக்ஸ் ஹில்ஸ் என்னும் தனியார் மன்றத்துக்காக ஒரு மைதானம் அமைத்தார். யோக்கம் 1929இல் இறந்த பிறகு, லாங் ஐலண்ட் மாநிலப் பூங்கா ஆணையத்தின் தலைவராக இருந்த ராபர்ட் மோசஸ் அந்த நிலத்தை அரசுக்கு வாங்கினார். பெருமந்தம் நாட்டை முடக்கியிருந்த காலம் அது. வேலையிழந்த தொழிலாளர்களுக்கு ஊதியம் தரும் நிவாரணத் திட்டத்தின்கீழ், அவர்களுடைய உழைப்பைக் கொண்டே புதிய மைதானங்கள் உருவாக்கப்பட்டன. ரெட்டும் புளூவும் 1935இல் திறக்கப்பட்டன. பிளாக் 1936இல் திறக்கப்பட்டது. பழைய லெனாக்ஸ் ஹில்ஸ் மைதானமே கிரீன் என்று பெயர் மாறியது. யெல்லோ 1958இல் சேர்ந்தது.

பிளாக்கை வடிவமைத்தவர் என்று ஏ. டபிள்யூ. டில்லிங்ஹாஸ்டின் பெயரே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அப்போது பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த ஜோசப் பர்பெக்குக்கு அதில் இருந்த பங்கு எவ்வளவு என்பது பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. எப்படியிருப்பினும், பொதுமக்களுக்கான மைதானம் எளிதாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதைக் கட்டியவர்களிடம் இருக்கவில்லை. செல்வந்தர்களின் மன்றங்களில் இருப்பதைவிடக் கடினமான ஒன்றைத் தொழிலாளியும் ஆசிரியரும் ஆடட்டும் என்று அவர்கள் நினைத்ததை நான் மனமார மதிக்கிறேன்.

பின்னர் பல பத்தாண்டுகள் ஓடின. பராமரிப்புக்குப் பணம் போதாமல், ஆடுபவர்களின் கூட்டமும் குறையாமல், 1990களின் நடுப்பகுதியில் பிளாக் நைந்துபோயிருந்தது. ஆட்டத்துக்குத் தடையாக அமைக்கப்படும் மணற்குழிகளின் விளிம்புகள் சரிந்திருந்தன. புல் பல இடங்களில் வெறும் மண்ணாகியிருந்தது. அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் செயல் இயக்குநராக இருந்த டேவிட் ஃபே, அதன் அடிப்படை அமைப்பு இன்னும் உயிரோடு இருப்பதைக் கண்டு, அங்கே யு.எஸ். ஓப்பனை நடத்தலாம் என்ற யோசனையை முன்வைத்தார். 1997இல் மைதானம் மூடப்பட்டு, வடிவமைப்பாளர் ரீஸ் ஜோன்ஸின் மேற்பார்வையில் மீட்கப்பட்டு, 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. ஜோன்ஸ் தம் வடிவமைப்புக்கு ஊதியம் பெற்றுக்கொள்ளவில்லை. 2002 போட்டியில் டைகர் வுட்ஸ் பாரைவிட, அதாவது திறமையான ஆட்டக்காரருக்கு வகுத்த மட்டையடிக் கணக்கைவிட, 3 அடிகள் குறைவாக எடுத்து வென்றார்; பாருக்குக் கீழே முடித்தவர் அவர் ஒருவரே. அதன் பிறகு 2009 யு.எஸ். ஓப்பனில் லூகாஸ் குளோவரும் 2019 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் புரூக்ஸ் கெப்காவும் இங்கே வென்றார்கள். அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் மோதும் ரைடர் கோப்பை 2025 செப்டம்பரில் நடந்தபோது, அதை ஐரோப்பிய அணி 15-13 என்ற கணக்கில் இங்கிருந்துதான் கொண்டுசென்றது.

முதற்படி: குழுவைப் பிரித்தல்

நான்கின் மடங்காக ஆட்களைச் சேர்ப்பது நல்லது, ஏனெனில் ஒரு முறை ஆடத் தொடங்கும் குழுவில் அதிகபட்சம் நால்வரே இருக்கலாம். எட்டு அல்லது பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் எல்லாருக்கும் அருகருகே நேரம் கிடைப்பது அரிது. அனைவரையும் ஒருங்கிணைக்க ஒருவரைப் பொறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொறுப்பாளர் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொருவரும் வழக்கமாக 18 குழிகளை எத்தனை அடிகளில் முடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைப்பது. பார் என்பது, திறமையான ஆட்டக்காரர் ஒரு குழியை அல்லது முழு மைதானத்தை முடிக்க எடுத்துக்கொள்ளும் அடிகளின் எண்ணிக்கை. பிளாக்கின் பார் 71. பின்கோடியில் உள்ள தொடக்க இடங்களிலிருந்து அளந்தால் அதன் நீளம் சுமார் 7,470 கஜம். தம் ஊர் மைதானத்தில் எப்போதும் 100 அடிகளுக்குள் முடிப்பவர் பிளாக்கைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கணக்கு. அந்த எண்ணை எட்டாதவர்களுக்கு, எமெட் அமைத்த பழைய நிலமான கிரீன் மைதானத்தையே நான் பரிந்துரைப்பேன். ஐந்தில் அதுவே மூத்தது. அலையலையான மேடுபள்ளங்கள் உண்டு, ஆனால் அடித்த பந்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். முதன்முறையாக முழு மைதானத்தில் இறங்குகிறவர்களுக்கு யெல்லோ இன்னும் இதமானது. ரெட், பெயரளவில் பிளாக்கின் தம்பி என்றாலும், கடினத்தில் அதற்கு மிக அருகில் நிற்பது. புதியவர்கள் அதை எளியது என்று எண்ணிவிட வேண்டாம்.

பிளாக்கின் முதல் குழி அருகே ஓர் எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. இது மிகவும் கடினமான மைதானம், மிகுந்த திறன் உடையவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைக்கிறோம் என்று அதில் எழுதியிருக்கிறது. அதன் அருகே நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதில் எழுதியிருப்பதை நம்பவும் செய்யுங்கள். தகுதிக்கு மீறி அங்கே இறங்கும் ஒருவர் தாம் துன்பப்படுவதோடு, பின்னால் வரும் ஒவ்வொரு நால்வரையும் காக்க வைக்கிறார்.

இரண்டாம் படி: நேரத்தை முன்பதிவு செய்தல்

ஆடத் தொடங்குவதற்கு ஒதுக்கப்படும் நேரத்துக்கு டீ டைம் என்று பெயர். இங்கே டீ என்பது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் சமதளத்தையும், பந்தைத் தாங்கி நிற்கும் சிறு முளையையும் குறிக்கும் சொல். நியூயார்க் மாநிலப் பூங்காத் துறையின் முன்பதிவுத் தளத்தில் ஒவ்வொருவரும் தம் பெயரில் கணக்குத் தொடங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மற்றவர்களைவிடச் சில நாட்கள் முன்னதாகவே பதிவு திறக்கிறது. பிளாக்கில் அவர்கள் செலுத்தும் கட்டணமும் வெளியாட்களின் கட்டணத்தைவிடக் குறைவுதான். இந்தச் சலுகை வசிப்பிடச் சான்று காட்டுபவருக்கு மட்டுமே உரியது, அவருடன் வரும் நண்பர்களுக்கு நீளாது. ஆகவே அனைவரும் புகைப்பட அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துவிட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நேரத்தை வாங்கித் தருகிறேன் என்று வரும் இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

எட்டுப் பேருக்குப் பிளாக்கில் அடுத்தடுத்து இரண்டு நேரங்கள் கிடைப்பது மிகக் கடினம். ஒரு நால்வருக்குப் பிளாக்கிலும் இன்னொரு நால்வருக்குக் கிரீனிலும் ஏறத்தாழ ஒரே மணி நேரத்தில் நேரம் தேடுவது மிகவும் எளிது. பிளாக் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும், குளிர்காலத்திலும் மூடப்படும். செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபரும் செல்வதற்கு மிகச் சிறந்த காலம் என்பேன். புழுக்கம் குறைந்திருக்கும், மரங்களின் இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். அக்டோபர் இறுதியில் அதிகாலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தால், உறைபனி கரையும்வரை எவரையும் புல்லில் இறங்க விடமாட்டார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முன்பதிவு கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. அந்த வழிதான் பெத்பேஜைப் பெத்பேஜாக ஆக்கியது. ஒவ்வொரு நாளும் காலையின் முதல் நேரங்கள் நேரில் வந்து காத்திருப்பவர்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. வாகன நிறுத்தத்தில் எண்ணிட்ட இடங்கள் இருக்கும். முந்தைய மாலையே வந்து அவற்றில் காரை நிறுத்தி, காருக்குள்ளேயே உறங்கி, விடிவதற்கு முன் ஊழியர்கள் வரிசைப்படி சீட்டு வழங்கும்போது பெற்றுக்கொள்ள வேண்டும். ஆட இருக்கும் ஒவ்வொருவரும் அப்போது அங்கே இருக்க வேண்டும். போர்வை, தலையணை, குடிநீர், கைவிளக்கு ஆகியவற்றுடன் போங்கள். பக்கத்துக் காரில் இருப்பவர் மருத்துவராக இருக்கலாம், தச்சராக இருக்கலாம், மாணவராக இருக்கலாம். அந்த இரவில் அவர்களிடம் பேசித் தெரிந்துகொண்டவை, நான் படித்த எந்தக் கையேட்டைவிடவும் அடுத்த நாள் எனக்குப் பயன்பட்டன.

மூன்றாம் படி: போய்ச் சேர்தல்

குழுவாகப் போகிறவர்கள் இதை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். பூங்காவை நோக்கிச் செல்லும் பார்க்வே எனப்படும் சாலைகளில் பேருந்துகளும் வணிக வாகனங்களும் செல்லத் தடை உண்டு. அவற்றின் குறுக்கே செல்லும் பாலங்கள் பலவும் மிகத் தாழ்வானவை. காரில் போகிறவர்களுக்கு வழிகாட்டிச் செயலி முதலில் காட்டுவது அந்தச் சாலைகளைத்தான். எங்கள் குழு முதன்முறை வாடகைச் சிற்றுந்தில் சென்றபோது, பார்க்வே நுழைவாயில் வரை போன பிறகுதான் ஓட்டுநர் தடைப்பலகையைக் கண்டார். சுற்றுவழியில் போய்ச் சேர்வதற்குள் எங்களில் நால்வருடைய நேரம் கடந்துவிட்டது. ஆகவே சிற்றுந்து அமர்த்தினால் லாங் ஐலண்ட் விரைவுச்சாலையான 495 வழியாக வந்து, பிறகு தெற்கே 135ஆம் எண் விரைவுச்சாலையில் திரும்பும்படி ஓட்டுநரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷனிலோ கிராண்ட் சென்ட்ரல் மேடிசனிலோ லாங் ஐலண்ட் ரயிலில் ஏறி, ரான்கான்கோமா தடத்தில் ஃபார்மிங்டேல் நிலையத்தில் இறங்க வேண்டும். பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து வாடகைக் காரில் சில நிமிடங்கள்தான். தொடங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டால், பதிவை முடித்துவிட்டு, கிளப் ஹவுஸ் அருகிலுள்ள பயிற்சித் தரையில் பத்துப் பந்துகளையாவது உருட்டிப் பார்க்கலாம். கிரீன் என்று அழைக்கப்படும் (இங்கே அது மைதானத்தின் பெயர் அல்ல) குழியைச் சுற்றிய வழவழப்பான தரை எவ்வளவு வேகமாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

நான்காம் படி: எடுத்துச் செல்ல வேண்டியவை

பிளாக்கில் மின்வண்டி கிடையாது. அனைவரும் நடந்தே ஆட வேண்டும். மேடும் பள்ளமுமாக 10 கிலோமீட்டருக்கும் மேல் நடக்க நேரிடும். விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், புதியவர் பத்தை மட்டும் மெல்லிய தோள்பையில் எடுத்துச் சென்றால் 15ஆவது குழியில் தம் முடிவுக்கு நன்றி சொல்வார். சுமையைத் தூக்கி, மைதானத்தின் போக்கையும் சொல்லித்தர ஒரு கேடியை அமர்த்திக்கொள்வது இன்னும் நல்லது; அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். நடக்க இயலாதவர்கள் குழுவில் இருந்தால், மற்ற மைதானங்களில் மின்வண்டி கிடைக்கும்.

குறைந்தது பன்னிரண்டு பந்துகள், இரண்டு லிட்டர் தண்ணீர், வாழைப்பழமோ கடலையோ, தொப்பி, மழையாடை, மாற்றுக் காலுறை ஆகியவை போதும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. லாங் ஐலண்டின் உயர்ந்த புற்களில் லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் உண்டு. பந்தைத் தேடி முழங்கால் அளவுப் புல்லுக்குள் நுழைகிறவர்கள் பூச்சிவிரட்டி பூசிக்கொண்டு, இரவில் குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: ஆடும்போது

பிளாக்கில் முதல் குழியை முடித்ததும் ரவுண்ட் ஸ்வாம்ப் சாலையைக் கடந்து மறுபுறம் செல்ல வேண்டும்; 14ஆவது குழி முடிந்த பிறகே மீண்டும் இந்தப் பக்கம் வருவீர்கள். பல மைதானங்களில் இருப்பதுபோல் பாதி ஆட்டத்தில் கிளப் ஹவுஸுக்குத் திரும்பி வர இங்கே வழியில்லை. தண்ணீரையும் தின்பண்டத்தையும் முதலிலேயே எடுத்துக்கொள்ளச் சொன்னது அதனால்தான்.

தொடக்க இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தயக்கம் வேண்டாம். பின்கோடி இடங்கள் போட்டியாளர்களுக்கானவை. முன்னால் உள்ளவற்றிலிருந்து தொடங்கினாலும் பிளாக் போதுமான அளவு நீளமாகவே இருக்கும். ஃபேர்வே என்னும் வெட்டிய புல்வழியை விட்டுப் பந்து விலகினால், ரஃப் என்னும் அடர்ந்த புல்லில் விழும். அங்கிருந்து குழியை நோக்கிப் பெரிய அடி அடிக்க முயல்வதே புதியவர்கள் செய்யும் பெருந்தவறு. குட்டையான மட்டையை எடுத்து, பக்கவாட்டிலாவது ஃபேர்வேக்குத் திரும்பிவிடுங்கள். ஓர் அடி போகும், மூன்று அடிகள் மிஞ்சும்.

நான்காவது குழியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பார் 5 ஆன அந்தக் குழியில், இரண்டாவது அடிக்குக் குறுக்கே பெரும் மணற்குழி ஒன்று சாய்வாக மேடேறிக் கிடக்கிறது. அதை எவ்வளவு தூரம் தாண்ட முடியும் என்று ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. நிவாரண வேலைக்கு வந்தவர்களின் உழைப்பில் எழுந்த அந்தச் சரிவைப் பார்க்கும்போது, 1997இல் இதை அப்படியே விட்டிருந்தால் எவ்வளவு பெரிய இழப்பாகியிருக்கும் என்று நினைக்காமல் என்னால் நகர முடிந்ததில்லை. எட்டாவது குழியில் ஒரு குளம் இருக்கிறது. மைதானத்தில் ஆட்டத்துக்குக் குறுக்கே வரும் நீர்நிலை அது ஒன்றுதான். 15ஆவது குழியின் கிரீன் தலைக்கு மேலே குன்றின்மீது அமர்ந்திருப்பதுபோல் தோன்றும். சோர்ந்த கால்களுடன் மேலே ஏறும்போது, கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாக அடிக்கும் மட்டையை எடுங்கள். பார் 3 ஆன 17ஆவது குழியில் ஆழமான மணற்குழிகள் கிரீனைச் சூழ்ந்திருக்கின்றன. பெரும்போட்டிகளின்போது ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து ஆரவாரம் செய்யும் மேடு அதைச் சுற்றியிருப்பதுதான்.

ஒழுங்குமுறைகளில் முக்கியமானவை சிலவே. மணற்குழியில் ஆடிய பிறகு வாரியால் மணலைச் சமன்செய்துவிட்டு வெளியேற வேண்டும். பந்து விழுந்து கிரீனில் ஏற்படுத்திய பள்ளத்தைச் சரிசெய்ய வேண்டும். காணாமல்போன பந்தைத் தேட விதி தரும் நேரம் மூன்று நிமிடம். அதற்கு மேல் தேடாதீர்கள். பந்து எவரையேனும் நோக்கிப் பறந்தால் உரத்த குரலில் "ஃபோர்!" என்று கத்த வேண்டும், வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிடுவது ஆபத்து. ஒரு குழியில் பாரைப்போல இரண்டு மடங்கு அடிகள் ஆகிவிட்டால், அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போவது என்று உங்களுக்குள் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நாள் முழுவதும் மக்கள் வந்துகொண்டே இருக்கும் பொது மைதானம் இது. வேகத்தைக் காப்பது பின்னால் காத்திருக்கும் முன்பின் தெரியாத நால்வருக்கு நீங்கள் செய்யும் மரியாதை. அப்படியே நடந்தாலும் பிளாக்கில் ஆட்டம் முடிய ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது.

ஆடாதவர்களும், முன்னால் முடித்தவர்களும்

குழுவில் ஆடாதவர்கள் இருந்தால் அவர்களைக் கிளப் ஹவுஸில் உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டாம். பூங்காவில் நடைபாதைகளும் மிதிவண்டிப் பாதையும் உள்ளன. ரவுண்ட் ஸ்வாம்ப் சாலையிலேயே, 19ஆம் நூற்றாண்டு வீடுகளையும் பண்ணைகளையும் இடம்பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு கிராமமாக அமைத்திருக்கும் ஓல்ட் பெத்பேஜ் அருங்காட்சியகம் இருக்கிறது. ஃபார்மிங்டேல் விமான நிலையத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானங்களைக் காட்டும் அருங்காட்சியகமும் உண்டு.

கிரீனிலும் யெல்லோவிலும் ஆடியவர்கள் பெரும்பாலும் முதலில் முடித்துவிடுவார்கள். பிளாக்கின் 18ஆவது குழியின் கிரீன் கிளப் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிளாக்கில் இறங்கிய நால்வர் 16ஆவது குழியில் இருக்கும்போது கைபேசியில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். மற்றவர்கள் அரை மணி நேரத்தில் அங்கே கூடிவிடலாம். இருபுறமும் மணற்குழிகளுக்கு நடுவே, தோளில் பையுடன் அவர்கள் மெதுவாக மேலே ஏறி வருவதை அங்கிருந்து முழுமையாகப் பார்க்க முடியும். அவர்களுக்குக் கொடுக்க ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரைக் கையில் வைத்திருங்கள்.